இண்டிகேட்டர் சத்தம்

வண்டி பள்ளத்தில் ஒருக்களித்து நின்ற பிறகும் இண்டிகேட்டர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. டிக், டிக், டிக். முன்கண்ணாடி முழுக்க விரிசல். ஏர்பேக் வெடித்த தூள் காற்றில் மிதந்தது, கூடவே ஒரு கருகல் வாசனை. பக்கத்து இருக்கையில் அக்கா தலை தொங்கிக் கிடந்தாள். கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் "என்னடா ஆச்சு?" என்று கண்ணைத் திறந்தாள். நடுவில் போனது பத்து நொடி இருக்கும். எனக்கு அது ஒரு பகல் முழுக்க நீண்டது.

திரும்புவதற்காகச் சிக்னல் போட்டு நின்றிருந்தோம். ஓடிக்கொண்டிருந்த பாட்டை மாற்றுவதற்காக ஒரு கணம் குனிந்தேன். நிமிர்ந்தபோது பின்பக்கம் காட்டும் கண்ணாடி முழுக்க லாரி. அவ்வளவுதான் சம்பவம். அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது. எனக்கு நெற்றியில் சிராய்ப்பு, மார்பில் சீட் பெல்ட் அழுத்திய தடம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நல்லவேளை, பெரிசா ஒண்ணும் ஆகலை." நானும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த 'ஒண்ணும் ஆகலை'க்குப் பிறகு வந்த ஏழெட்டு வாரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் சுற்றியிருந்தவர்கள் அன்பாகச் செய்த பல காரியங்கள் எனக்கு உதவவில்லை. ஒன்றிரண்டு கெடுதலும் செய்தன. உதவியவை ரொம்பச் சின்னவை. வெளியிலிருந்து பார்த்தால், இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று தோன்றும்.

முதல் மூன்று நாள் நன்றாகவே இருந்தேன். மருத்துவமனைப் படிவங்கள், காப்பீட்டுக்காரர்களின் தொலைபேசி, உடைந்த வண்டியை இழுத்துப் போக ஏற்பாடு எல்லாவற்றையும் செய்தேன். யாரோ செய்வதைப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. பேசுகிறவர்களின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. என் கையைப் பார்த்தால், அது என் கைதான் என்று அறிவுக்குத் தெரியும், நம்பிக்கை வராது. "எவ்வளவு தைரியமா இருக்கான் பாரு" என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை, மரத்துப்போயிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அப்படி.

நான்காம் இரவு மரப்பு விட்டது. திடுக்கிட்டு எழுந்தபோது சட்டை நனைந்திருந்தது. அறையில் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொல்லையாக இருக்கிறது என்று அதைக் கழற்றி பேட்டரியை எடுத்துவிட்டேன். மறுநாள் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பேனாவை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். நான் போட்ட கூச்சலில் மேசையை விட்டு எழுந்து போய்விட்டான். பதினோரு வயதுப் பிள்ளை. எதற்குத் திட்டு வாங்கினோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை. அந்தப் பேனாவுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எங்கோ தூரத்தில் லாரி ஹாரன் கேட்டாலும் தோள் இரண்டும் காதுவரை ஏறும். தெருவில் நடக்கும்போது நான்கடிக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அலுவலகத்தில் சுவரை ஒட்டிய நாற்காலிக்கு மாறிக்கொண்டேன், முதுகுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது. செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும் பக்கத்தை மடித்து வைத்தேன். அக்காவைப் போய்ப் பார்ப்பதைக்கூட ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மகன் பள்ளியில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து காட்டினான். வாயால் பாராட்டினேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அக்காவை நினைத்தால் அவமானமாக இருந்தது. எலும்பு முறிந்தவள் அவள். கட்டுப் போட்ட கையோடு படுத்தவுடன் தூங்குகிறாள். சிராய்ப்போடு தப்பிய நான் விடிய விடிய விழித்திருக்கிறேன். "ஆம்பளைதானே, உனக்கென்ன" என்று வேறு யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் லாரி பெரிதாவதை அவள் பார்க்கவில்லை. 'அக்கா செத்துவிட்டாள்' என்று நம்பிய அந்தப் பத்து நொடி முழுக்க முழுக்க என்னுடையது. காயத்தின் அளவை வைத்து அதிர்ச்சியின் அளவைக் கணக்குப் போட முடியாது. இது அப்போதே தெரிந்திருந்தால் ஒரு வாரம் முன்பாகவே மருத்துவரிடம் போயிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மனைவி வற்புறுத்தி அழைத்துப் போனாள். தலைவலி என்றுதான் சொன்னேன். மருத்துவர் முதலில் தலையில் அடிபட்டதா, நினைவு தப்பியதா, வாந்தி உண்டா, மறதி உண்டா என்று விசாரித்தார். விபத்தில் சிக்கியவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. மூளை குலுங்கினாலும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கவனம் நிற்காது, சத்தம் தாங்காது. மூளைக் குலுக்கலும் மன அதிர்ச்சியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அது இல்லை என்று தெளிவானதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த விபத்து இப்ப எங்க இருக்கு உங்களுக்கு? பின்னால இருக்கா, முன்னால இருக்கா?" புரியாத மாதிரி நடிக்கப் பார்த்தேன். முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அவர் அனுப்பிய உளவியலாளர்தான் பெயரைச் சொன்னார்: அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர். அதிர்ச்சியை ஒட்டி வரும் தீவிர மனஅழுத்தக் கோளாறு. (ஏ.எஸ்.டி. என்று சுருக்கித் தேடினால் ஆட்டிசம் பற்றிய பக்கங்களாக வந்து குவியும், இரண்டுக்கும் அதே மூன்றெழுத்து. அன்றிரவு அரை மணி நேரம் வேறு எதையோ படித்துவிட்டு, இது நமக்குப் பொருந்தவில்லையே என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.)

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் 1994-இல் சேர்ந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 14 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது: கூப்பிடாமல் வரும் காட்சிகளும் கனவுகளும், சந்தோஷம் வற்றிப்போவது, தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற மரப்பு, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எந்நேரமும் விறைப்பாக இருப்பது. இந்த ஐந்து வகைகளுக்குள் எங்கிருந்தாவது 9 இருந்தால் இந்தப் பெயர். எனக்கு 11 இருந்தன. பரீட்சையில்கூட அவ்வளவு வாங்கியதில்லை என்று சொன்னேன், அவர் சிரித்தார்.

பட்டியலைவிட எனக்கு உதவியது அதிலுள்ள காலக் கணக்கு. சம்பவம் நடந்து 3 நாள் முதல் 1 மாதம் வரைதான் இந்தப் பெயர் செல்லும். முதல் மூன்று நாளில் என்ன நடந்தாலும் அதற்கு நோய்ப்பெயர் வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, உடனடி அதிர்ச்சியை மனநோயாகவே எண்ணுவதில்லை. அசாதாரணமான ஒன்று நடந்தால் மனிதர் அப்படித்தான் இருப்பார் என்கிறது. ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, என்ற அடுத்த பேச்சு.

"எனக்கு அது வந்துடுமா?" என்று கேட்டேன். இந்த நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரலாம், மற்றவர்களுக்கு வராது என்றார். பிற்பாடு பி.டி.எஸ்.டி. வருகிறவர்களிலும் சுமார் பாதிப் பேருக்கு முதல் மாதத்தில் இந்தக் கோளாறு இருந்திருக்காதாம். "இது ஜாதகம் இல்லை. இன்னிக்கு நிலவரம், அவ்வளவுதான்."

ஏன் ஒரு பேனா சத்தம் என்னை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது என்று கேட்டதற்கு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். சாதாரண நினைவுக்கு மூளை தேதியும் இடமும் ஒட்டி வைக்கிறது. அந்த வேலையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. பக்கத்திலேயே அமிக்டலா என்ற பாதாம் பருப்பு அளவுப் பகுதி, ஆபத்து மணி அடிப்பது அதன் வேலை. உயிர் பயத்தில் அட்ரினலின் வகையறா கொட்டும்போது மணியடிக்கும் பகுதி சத்தம், வாசனை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. தேதி ஒட்டுகிற வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. அதனால்தான் மற்ற நினைவுகள் 'அப்போது' என்று வருகின்றன, இது மட்டும் 'இப்போது' என்று வருகிறது.

பள்ளியில் வினைத்தொகை படித்திருப்பீர்கள். காலம் கரந்த பெயரெச்சம். கொல்களிறு என்றால் கொன்ற களிறு, கொல்கின்ற களிறு, கொல்லும் களிறு மூன்றும்தான். என் மண்டைக்குள் இருந்தது ஒரு 'இடிலாரி'. இடித்த லாரி, இடிக்கின்ற லாரி, இடிக்கும் லாரி எல்லாம் ஒரே சொல்லில். உளவியலாளரிடம் இதைச் சொன்னேன். அவர் தமிழ் வாத்தியார் மாதிரி விரலை நீட்டி, "அப்ப நம்ம வேலை அதுக்குக் காலம் சேர்க்கிறது" என்றார். அடுத்த ஆறு வாரம் நாங்கள் செய்தது முழுக்க அதுதான்.

அந்தப் பத்து நொடி ஏன் அவ்வளவு நீண்டது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2007-இல் வெளியிட்டது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்து, அந்த நேரத்தில் அவர்களுக்குக் கண் உண்மையிலேயே வேகமாகப் பார்க்கிறதா என்று சோதித்தார். இல்லை. ஆனால் விழுந்தவர்கள் தங்கள் வீழ்ச்சி மற்றவர்கள் விழுந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீளம் என்று சொன்னார்கள். நேரம் நீளவில்லை, நினைவுதான் அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது. இதைப் படித்தபோது, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது.

இனி, உதவாதவை.

முதலாவது, "எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாயிடும்". வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். எங்கே நின்றீர்கள், லாரி எவ்வளவு வேகம், ரத்தம் வந்ததா. எட்டாவது ஆளுக்குச் சொன்ன அன்று இரவு அறவே தூங்கவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், இதை ஒரு முறையாகவே செய்துபார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். அதிர்ச்சி நடந்த சில நாட்களுக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் 'டீபிரீஃபிங்' 1980களில் பரவியது. சாலை விபத்தில் அடிபட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆரம்பத்தில் அதிகம் பாதிக்கப்பட்டு இந்த அமர்வும் பெற்றவர்கள்தான் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். இன்று பெரிய வழிகாட்டிகள் எதுவும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேசவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது அடிபட்டவர் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது, "அதையெல்லாம் மறந்துடு". இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மறக்க முயன்று பாருங்கள், தெரியும்.

மூன்றாவது, உறவினர் ஒருவர் தன் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தூக்க மாத்திரை. பென்ஸோடையஸபின் வகை. இரண்டு இரவு போட்டேன், அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். மூன்றாம் இரவு மாத்திரை இல்லாமல் படுத்தபோது எல்லாம் வட்டியோடு வந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், தூக்கமின்மைக்காகக்கூட, இந்த வகை மருந்தைத் தர வேண்டாம் என்றே 2013-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்து எழுதித் தருவது வேறு விஷயம். அடுத்தவர் பெட்டியிலிருந்து எடுப்பதைத்தான் சொல்கிறேன். மதுவும் இதே கதைதான்: சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். அந்தப் பக்கமும் நான்கு நாள் போய்வந்தேன்.

நான்காவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அதைச் செய்தது மனைவி, முழுக்க அன்பினால். "நீங்க இனிமே வண்டி எடுக்கவே வேண்டாங்க." அந்த நிமிடம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது! ஆனால் தவிர்ப்பு நின்ற இடத்தில் நிற்காது. முதலில் வண்டி ஓட்டுவதை விட்டேன், பிறகு வண்டியில் ஏறுவதை, பிறகு அந்தச் சாலையை, பிறகு அந்தச் சாலைப் பக்கம் இருந்த நண்பரை. மூன்று வாரத்தில் என் உலகம் வீடு, அலுவலகம், நடுவில் ஒரு நடைபாதை என்று சுருங்கிவிட்டது.

சரி, உதவியவை.

மூச்சுப் பயிற்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், எனக்கு அது முதலில் வேலை செய்யவில்லை. "நல்லா ஆழமா மூச்சு இழுங்க" என்பார்கள். பதற்றத்தில் இழுக்க இழுக்கத் தலை சுற்றும், விரல் நுனி கூசும். அளவுக்கு மேல் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து வருவது அது. உளவியலாளர் இழுப்பதை விட்டுவிட்டு விடுவதைக் கவனிக்கச் சொன்னார். 4 எண்ணும்வரை சாதாரணமாக உள்ளே, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே. சூடான எதையோ ஊதி ஆற்றுவது போல. இரண்டு மூன்று நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்குவது கையில் தெரிந்தது.

மரத்துப்போகும்போது மூச்சு போதாது. அப்போது காலைத் தரையில் அழுத்தி, சத்தமாகச் சொல்ல வேண்டும்: இன்று செவ்வாய்க்கிழமை, மணி மூன்று, இது என் அலுவலகம், வண்டி இங்கே இல்லை. பார்ப்பது ஐந்து, தொடுவது நான்கு என்று எண்ணிக்கொண்டு போகும் பிரபலமான முறை ஒன்று உண்டு. எனக்கு எண்ணிக்கை குழம்பி அதுவே தனி எரிச்சலாகிவிட்டது, அதனால் அறையில் எத்தனை பச்சைப் பொருள் இருக்கிறது என்று மட்டும் தேடுவேன். எது கைகொடுக்கிறதோ அது. இவையெல்லாம் முதலுதவி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அலை வரும்போது நிற்க உதவும், அலையை நிறுத்தாது.

எனக்குப் பெரிய திருப்பம் ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, 'அன்று' ஒரு பக்கம், 'இன்று' ஒரு பக்கம். பதற்றம் வந்த ஒவ்வொரு முறையும், அடங்கிய பிறகு, எது கிளப்பியது என்று தேடி எழுத வேண்டும். அப்படித்தான் பேனா பிடிபட்டது. அன்று: டிக் டிக், கருகல் வாசனை, சாய்ந்த இருக்கை, பதில் சொல்லாத அக்கா. இன்று: டிக் டிக் மட்டும், மகன், நேரான நாற்காலி, சன்னலில் வெயில். பொதுவாக இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். மற்ற எல்லாம் வேறு. எழுதிப் பார்த்தபோது அசட்டுத்தனமாக இருந்தது, ஆனால் அந்தப் பாதாம் பருப்புக்குத் தர்க்கம் புரியாது, வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் புரியும்.

அன்று மாலையே மகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். குழந்தைக்குப் புரிகிற அளவில்: "வண்டி இடிச்சப்ப இதே மாதிரி ஒரு சத்தம் கேட்டுது, அதான் அப்பா கத்திட்டேன். உன் மேல தப்பு இல்லை." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் இனிமே அமுக்கலைப்பா" என்றான். "இல்லைடா, அமுக்கு" என்றேன். எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் அமுக்கினான், முதலில் பயந்து பயந்து, அப்புறம் பாட்டுத் தாளத்தில். எனக்கு வியர்த்தது. பிறகு வியர்வை நின்றது. மறுநாள் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டேன்.

நடந்ததை விவரமாகச் சொல்வதும் சிகிச்சையில் உண்டு. ஆனால் வந்தவர்களிடமெல்லாம் ஒப்பித்தது போல இல்லை. என் சம்மதத்தோடு, மெதுவாக, பல வாரங்களில், வேண்டும்போது நிறுத்தலாம் என்ற உறுதியோடு. 1998-இல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவினர், இதே கோளாறு உள்ளவர்களுக்கு வெறும் ஆறுதல் பேச்சையும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் இந்த வகையான அறிதல் நடத்தைச் சிகிச்சையையும் ஐந்து ஐந்து அமர்வு கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் பி.டி.எஸ்.டி. வெகுவாகக் குறைந்திருந்தது. எனக்கு ஆறு அமர்வு ஆனது.

அதில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பத்து நொடிக்கு வந்தோம். எது உச்சம் என்று கேட்டார். லாரி என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது "இரண்டாவது தடவை கூப்பிட்டும் அவ பேசலை". அங்கேயே நிறுத்தி, "இப்ப அக்கா எங்க இருக்காங்க?" என்றார். வீட்டில், டி.வி. பார்த்துக்கொண்டு, ரிமோட்டை யாரும் தொடவிடாமல். "அதை அந்த இடத்துல சேர்த்துச் சொல்லுங்க." மறுபடி சொன்னேன்: கூப்பிட்டேன், பேசவில்லை, அவள் உயிரோடு இருக்கிறாள், ரிமோட் அவள் கையில் இருக்கிறது. எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. அந்த வாரம்தான் அக்காவைப் பார்க்கப் போனேன்.

குற்ற உணர்ச்சியைப் பேச்சால் அல்ல, கணக்கால் இறக்கினோம். பாட்டை மாற்றாமல் கண்ணாடியைப் பார்த்திருந்தால் லாரியை எத்தனை நொடி முன்னால் பார்த்திருப்பேன்? இரண்டு? நின்றிருந்த வண்டியை அந்த இரண்டு நொடியில் எங்கே நகர்த்துவது, முன்னால் எதிர்வரும் வாகனங்கள் ஓடும்போது? தாளில் படம் வரைந்து பார்த்தோம். போக இடமே இல்லை. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது போலத்தான் இருக்கும்.

கெட்ட கனவுக்கு ஒரு வினோதமான வழி உண்டு. பகலில் உட்கார்ந்து கனவின் முடிவை மாற்றி எழுதி, தினமும் கொஞ்ச நேரம் அந்தப் புதிய கனவை மனதில் ஓட்டிப் பார்ப்பது. என் கனவில் அக்கா எழுந்து, "எரிச்சலா இருக்குடா, அதை நிறுத்து" என்று கையை நீட்டி இண்டிகேட்டரை அணைத்தாள். பத்து நாளில் கனவு வாரம் ஒன்று என்று குறைந்தது. மதியத்துக்கு மேல் காபியை நிறுத்தியதும், எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்ததும் அதற்குத் துணை.

வண்டிக்குத் திரும்பியது படிப்படியாக. நின்றிருக்கும் வண்டியில் சாவி போடாமல் உட்காருவது. பிறகு இண்டிகேட்டரை மட்டும் போட்டுவிட்டு உட்காருவது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், முதல் நாள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிறகு மனைவி ஓட்ட நான் பக்கத்தில். பிறகு ஆளில்லாத சாலை. ஒவ்வொரு படியிலும் ஒரே விதி: பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது, அது தானாகத் தணியும்வரை இருக்க வேண்டும். உச்சியில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று. ஆபத்து உண்மையிலேயே முடிந்திருந்தால்தான் இதெல்லாம். அடிக்கிறவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் பயம் கோளாறு இல்லை, சரியான எச்சரிக்கை. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வினைச்சொல்லில் சொல்கிறது. பார், கேள், சேர்த்துவிடு. என்ன தேவை என்று பார்ப்பது, சொன்னால் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவது. துருவிக் கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை. என் மனைவி எதையும் படிக்காமலே ஒரு நாள் இதைக் கண்டுபிடித்தாள். நள்ளிரவில் நான் உட்கார்ந்திருந்தபோது, "பேசணுமா, பக்கத்துல இருக்கணுமா, விட்டுட்டுப் போகணுமா?" என்றாள். "பக்கத்துல இரு" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அதுபோதும்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. செத்துவிடலாம் என்று தோன்றினால், நாட்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், குடி தினசரியாகிவிட்டால், குழந்தையைக் கவனிக்க முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வாரங்கள் போகப் போகத் தானாகவே தணியும்.

எனக்கு முப்பதாம் நாள் எல்லாம் சரியாகிவிடவில்லை. 11 என்பது 5 ஆகியிருந்தது. ஏழாவது வாரம் அக்காவின் கட்டைப் பிரிக்க மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் அந்தத் திருப்பம். வேறு வழி இருந்தது, வேண்டாம் என்று அதே வழியில் போனேன். சிக்னல் போட்டு நின்றேன். டிக், டிக், டிக். கண்ணாடியைப் பார்த்தேன், சாலை காலி. மறுபடி பார்த்தேன். எதிர்ப்பக்கமும் வண்டி வரவில்லை. உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது.

அக்கா இந்தத் தடவை தூங்கவில்லை. "எல்லாம் காலியாத்தானே இருக்கு தம்பி, திருப்பேன்" என்றாள்.

திருப்பினேன். ஸ்டியரிங் நேரானதும் இண்டிகேட்டர் தானாக அணைந்தது.